வேதியியலில் ஒதுக்கிய இரண்டு இடங்கள்

ஜூன் 2, திங்கள்

கால அட்டவணை வேலை இன்று தொடங்கியது. இது எனக்குப் பன்னிரண்டாவது ஆண்டு. பதினான்கு துறை, முப்பத்தெட்டு வகுப்பறை, ஒன்பது ஆய்வுக்கூடம். பதினோரு ஆண்டுகளில் ஒரே அறை வாசலில் இரண்டு வகுப்பு வந்து நின்றதில்லை. ஒரே ஆசிரியருக்கு ஒரே மணியில் இரண்டு வகுப்பு விழுந்ததில்லை. புள்ளியியலில் நான் எழுதிய கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை. இந்த அட்டவணையை மூவாயிரம் பேர் தினமும் படிக்கிறார்கள்.

டீன் தேவசகாயம் சார் போனில் ஏதோ சொன்னார். வலது கையில் பென்சில், இடது காதில் போன் என்பது என் பழக்கம். பாதிதான் விளங்கியது. இந்த வளாகத்தில் டவர் சரியில்லை. நேரில் போய்க் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 4, புதன்

ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பாடப்பிரிவிலும் நூற்றுக்கு ஐந்து இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. வேதியியலில் நாற்பது இடம், அதில் இரண்டு. ஜூன் 20 மாலை வரை அந்த இடங்களை வைத்திருக்க வேண்டும். ஆள் வராவிட்டால் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். அதற்கு முன்னால் விடுவிக்க ஒரே வழிதான் உண்டு: ‘அட்டவணையில் இந்த மாணவருக்கு வழியில்லை’ என்று ஒருங்கிணைப்பாளர், அதாவது நான், சொல்ல வேண்டும்.

வேதியியலில் அந்த இரண்டு இடத்துக்கு இதுவரை ஒருவரும் விண்ணப்பித்ததில்லை. துறைத்தலைவர் பிச்சுமணி ஒவ்வோர் ஆண்டும் கடைசி நாள் நாலு மணிக்கே அந்த இடங்களைக் கேட்டு என் அறை வாசலில் வந்து நிற்பார். இந்த ஆண்டு ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. ஆவுடைச்செல்வி. காது கேளாதவர்களுக்கான பள்ளியில் பிளஸ் டூ. வேதியியலில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. காமர்ஸுக்கும் அதே பள்ளியிலிருந்து இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

மூவருக்குமாக ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை நியமித்தாகிவிட்டது. எஸ்தர் ஜெபமணி. வாரத்துக்கு முப்பது மணி நேரம்.

“மூணு பேரையும் காமர்ஸ்லயே போட்டிருங்க கோமதிநாயகம்,” என்றார் டீன். “ஒரே வகுப்புல உக்காந்தா ஒரு ஆளு போதும்லா?”

நல்ல யோசனை. எனக்கும் வேலை மிச்சம்.

ஜூன் 6, வெள்ளி

என் மனைவி சண்முகவடிவு டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனாள். நான் கூட்டினேன். “பக்கத்து வீட்டுக்காரி வந்து, ஒங்க வீட்டுல யாருக்கும் காது கேக்காதான்னு கேக்கா,” என்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு எதிலும் தலையிடும் குணம்.

ஜூன் 9, திங்கள்

அந்த மாணவி இன்று வந்தாள். கூட அவள் அப்பா செல்லையா, வெல்டிங் பட்டறையில் வேலை, முன்கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. எஸ்தர் மேடமும் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அம்மா அப்பா இரண்டு பேருமே காது கேளாதவர்கள் என்றும், பேச்சைவிடச் சைகையைத்தான் முதலில் கற்றதாகவும் சொன்னார்.

நான் எஸ்தர் மேடத்திடம், “காமர்ஸ்ல நல்ல எதிர்காலம் இருக்குன்னு சொல்லுங்கம்மா,” என்றேன்.

மாணவி என் மேசையை இரண்டு முறை தட்டினாள். பிறகு அவள் கை பேச, எஸ்தர் மேடம் குரல் கொடுத்தார்: “என்னையப் பாத்துப் பேசுங்க சார். நான் இங்கதான் இருக்கேன்.”

ஒரு நிமிடம் எனக்குக் குழப்பம். “நான்னு சொன்னா அவ சார், நான் இல்ல,” என்றார் எஸ்தர் மேடம்.

அவளைப் பார்த்தேன். “காமர்ஸ் ஏன் வேண்டாங்கிற?”

“நீங்க ஏன் காமர்ஸ் படிக்கல?”

செல்லையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “மன்னிச்சுக்கோங்க சார், இவ இப்பிடித்தான்,” என்றார். “பட்டறையில அசிட்டிலின் எப்பிடி எரியுதுன்னு எட்டாங்கிளாஸ்லயே எனக்குப் படம் போட்டுக் காட்டுனவ.”

ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது, ஆகவே வேதியியலுக்கு வழியில்லை என்று விளக்கினேன். அவள் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றாள். இன்னும் போடவில்லை என்றேன்.

“போடாமலேயே வழியில்லைன்னு எப்படித் தெரியும்?”

வியாழக்கிழமைக்குள் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்றைக் குறித்துவைக்கிறேன். இன்று முழுவதும் மின்விசிறி கடகடவென்று ஓடியது, வெளியே விண்ணப்பக் கூட்டம் வேறு. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் யாரையும் ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. எஸ்தர் மேடம் முகத்தை நேராகப் பார்த்து நிதானமாகப் பேசுகிறார். எல்லோரும் அப்படிப் பேசினால் நன்றாக இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

வழியில்லை என்று நான் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் அட்டவணையைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

ஜூன் 12, வியாழன்

கணக்கு போட்டேன். மூவருக்கும் பொதுவான தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல்: பன்னிரண்டு மணி. மூவரையும் ஒரே பிரிவில் உட்கார வைத்தால் போதும். காமர்ஸுக்குத் தனியாகப் பன்னிரண்டு. வேதியியலுக்குத் தனியாகப் பன்னிரண்டு. மொத்தம் முப்பத்தாறு. எஸ்தர் மேடத்துக்கு முப்பது. ஆறு மணி இடிக்கிறது.

காலையிலிருந்து அந்த ஆறோடு மல்லுக்கட்டினேன். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. காமர்ஸுக்கும் புள்ளியியல் துணைப்பாடம், வேதியியலுக்கும் புள்ளியியல் துணைப்பாடம். இரண்டிலும் முதல் பருவப் பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். தனித்தனியாக நாலு நாலு மணி நடக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே வகுப்பாக்கினால் நாலு மணி மிச்சம். நூறு பேர் உட்காரக் கருத்தரங்கக் கூடம் இருக்கிறது. நடத்துவது யார் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இரண்டையும் நடத்துகிறவன் நான்தான்.

பாதித் தயிர்சாதம் அப்படியே இருந்தது. டிபன் டப்பாவை மூடிவிட்டேன்.

இன்னும் இரண்டு மணி.

ஜூன் 13, வெள்ளி

அந்த இரண்டு மணியை மாணவியே தீர்த்தாள். வாரத்தில் இரண்டு ஆய்வுக்கூட வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டு மணி. “மொத மணி நேரந்தான் சொல்லித் தருவாங்க. ரெண்டாவது மணி நேரம் செய்யுறது. செய்யுறதுக்கு எனக்கு ஆள் வேண்டாம்.” இரண்டு வகுப்பிலும் ஒவ்வொரு மணி குறைந்தது. முப்பது!

எழுந்து நின்று அட்டவணையை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். அவள் விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டே போனாள். செவ்வாய்க்கிழமையில் நின்றாள்.

“மேடம் எப்பச் சாப்பிடுவாங்க?”

எஸ்தர் மேடம் இந்தக் கேள்விக்குக் குரல் கொடுத்துவிட்டு, தானே அட்டவணையை எட்டிப் பார்த்தார்.

கேன்டீன் சிறியது. காமர்ஸுக்குப் பன்னிரண்டு மணிக்கு இடைவேளை, அறிவியலுக்கு ஒரு மணிக்கு. செவ்வாயன்று பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை அவர் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருப்பார். ஒன்றிலிருந்து இரண்டு வரை காமர்ஸில். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை கை இறங்காது.

அட்டவணையில் மாணவர்களுக்கு வரிசை போட்டிருந்தேன், ஆசிரியர்களுக்கு, அறைகளுக்கு. எஸ்தர் மேடத்துக்கு வரிசையே போடவில்லை. “பழகிப் போச்சு சார்,” என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் ஒரு வரிசை சேர்த்து அவர் பெயரை எழுதினேன். செவ்வாய் ஆய்வுக்கூடத்தைப் புதனுக்கு மாற்றினால் சரியாகும். அதற்குப் பிச்சுமணியின் சம்மதம் வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

பிச்சுமணியைப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தை மாற்றுவது பற்றிப் பிடிகொடுக்கவில்லை. “மொதல்ல அந்த சீட்டு நிக்குதான்னு பாப்போம் சார்,” என்றார். அவருடைய காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் யாரோ ஆட்சிக்குழு உறுப்பினருக்கு வேண்டிய பையன் என்று கேள்வி.

மாலையில் டீன் போன் செய்தார். நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன், பக்கத்தில் பெஞ்சுகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். “வேதியியல்... ரெண்டு... சரிதானே?” என்று காதில் விழுந்தது. ஆய்வுக்கூடம் வாரத்தில் இரண்டு நாள்தானே என்று கேட்டார் போலும். “சரி சார், சரி சார்,” என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

பிச்சுமணி எதிரே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கென்று தெரியவில்லை. ஒருவேளை ஆய்வுக்கூட மாற்றத்துக்குச் சம்மதமாக இருக்கலாம்.

ஜூன் 18, புதன்

அறிவிப்புப் பலகையில் பட்டியல். ‘வேதியியல்: ஒதுக்கீட்டு இடங்கள் இரண்டும், கால அட்டவணை ஒருங்கிணைப்பாளரின் ஒப்புதலோடு, விடுவிக்கப்பட்டன.’

என் ஒப்புதலோடு.

டீன் அறைக்கு ஓடினேன். அவர் ஊரில் இல்லை. அவருடைய உதவியாளர் குறிப்பேட்டைக் காட்டினார். திங்கள் மாலை 4.40. ‘வேதியியலில் அந்தப் பெண்ணுக்கு அட்டவணையில் வழியில்லை, இரண்டு இடத்தையும் விட்டுவிடலாம், சரிதானே என்று கேட்கப்பட்டது. சரி என்றார்.’

செல்லையா பலகை முன்னால் நின்றிருந்தார். மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பட்டியலைக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. செல்லையா மட்டும் வந்தார்.

“சார், நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு போட்டிருக்கு. பிள்ள நம்ப மாட்டேங்கா. சார் அப்பிடிச் சொல்ல மாட்டாருன்னு சொல்லுதா. நீங்களே ஒரு வார்த்த அவகிட்ட சொல்லிருங்க சார், எங்கிட்ட சண்ட போடுதா.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

கடிதம் எழுதினேன். ‘தொலைபேசி இணைப்புக் கோளாறு காரணமாக ஏற்பட்ட தவறான புரிதல்...’ கிழித்தேன். ‘டவர் சரியில்லாத காரணத்தால்...’ அதையும் கிழித்தேன்.

சண்முகவடிவு காபி கொண்டுவந்தாள். மேசையின் வலது பக்கமாகச் சுற்றி வந்து வைத்தாள்.

“எதுக்கு அந்தப் பக்கமாச் சுத்தி வார?” என்றேன்.

“மூணு வருஷமா அப்பிடித்தான் வாரேன். இடது பக்கம் நின்னு பேசுறதையே நான் விட்டுட்டேன். ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“தெரியும். ஒத்துக்க மாட்டீங்க.” நாற்காலியை என் வலது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நம்ம கல்யாணத்துல எங்க அப்பா கேட்டாரு, மாப்பிள்ள ஒரு நாளாவது தப்பு ஒத்துக்கிடுவாரான்னு. நான் பதிலே சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.”

கிழித்த கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 20, வெள்ளி

பத்து மணிக்குக் குழுக் கூட்டம். டீன், நான், பதினான்கு துறைத்தலைவர்கள். மாணவியையும் எஸ்தர் மேடத்தையும் அழைத்துவர அனுமதி வாங்கியிருந்தேன். செல்லையா வெளியே நின்றார்.

புதிய அட்டவணையைத் திரையில் போட்டேன். சேர்த்த வகுப்பு, மாற்றிய ஆய்வுக்கூடம், எஸ்தர் மேடத்தின் வரிசை. வழி இருக்கிறது, ஆகவே இடத்தை விடுவிக்கக் காரணமில்லை என்றேன்.

டீன் கண்ணாடியைக் கழற்றினார். “கோமதிநாயகம், திங்கக்கிழம நீங்கதான சரின்னீங்க? ஒரு தடவைக்கு ரெண்டு தடவ கேட்டேனே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எஸ்தர் மேடம் டீன் சொன்னதைச் சைகையில் சொல்லி முடித்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணும் என்னைத்தான் பார்த்தாள்.

“நான் சரின்னு சொன்னது உண்மை சார்,” என்றேன். “நீங்க என்ன கேட்டீங்கன்னு எனக்கு விளங்கல. இடது காது எனக்குக் கேக்கிறதில்ல. மூணு வருஷமா. போன்ல பாதிக்கு மேல குத்துமதிப்பாத்தான் பதில் சொல்லிட்டிருக்கேன். அன்னைக்கும் அப்படித்தான். அந்தச் சரிக்கு மதிப்பில்ல. அத நான் திருப்பி வாங்கிக்கிடுதேன்.”

கால் ஊன்றி நின்றேன்.

பிறகு பிச்சுமணி, வழக்கமான குரலில் அல்ல, கொஞ்சம் தணிந்து சொன்னார்: “சார், எனக்கு அந்தப் பிள்ள மேல கோவம் ஒண்ணுமில்ல. ஆய்வுக்கூடத்துல ஆசிட் இருக்கு. பின்னால இருந்து விலகுன்னு கத்துனா கேக்காதுல்லா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்தான பதில் சொல்லணும்?”

நியாயமான கேள்வி.

ஆவுடைச்செல்வி எழுந்து போய்ச் சுவரிலிருந்த விளக்கு சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டாள். பேசிக்கொண்டிருந்தவர்கள், குனிந்திருந்தவர்கள், போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

அவள் கை பேசியது, எஸ்தர் மேடம் குரல்: “எங்க ஸ்கூல் லேப்ல இப்படித்தான். கத்துனா ஒருத்தர் திரும்புவாரு. இதுக்கு எல்லாருமே திரும்பிட்டீங்க.”

பிச்சுமணி விளக்கை நிமிர்ந்து பார்த்தார். “சரி, புதன்கிழமையே லேப் வச்சுக்கிடுதேன்,” என்றார்.

டீன் ஆணையைத் திருத்திக் கையெழுத்திட்டார். ஒரு இடம் அவளுக்கு. இன்னொன்றுக்கு மாலை நாலு மணி வரை யாரும் வரவில்லை. விதிப்படி அது காத்திருப்போர் பட்டியலின் முதல் பையனுக்குப் போயிற்று. போகட்டும். அவனுக்கும் வேதியியல் ஆசைதானே.

வெளியே செல்லையாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரமாக என்னவோ சொன்னார். “கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க,” என்று வலது காதைக் காட்டினேன்.

முதல் முறை. அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஜூன் 27, வெள்ளி

காது மருத்துவர் மிஷின் பொருத்தினார். சண்முகவடிவு இவ்வளவு சத்தமாகவா பாத்திரம் கழுவுகிறாள்!

ஜூலை 7, திங்கள்

வகுப்புகள் தொடங்கின. ஒன்பது மணிக்குத் தாழ்வாரத்தில் போய் நின்றேன். ஒவ்வோர் ஆண்டும் நிற்பேன். மூவாயிரம் பேர் நடக்கிறார்கள், ஒருவர்கூட வாசலில் தயங்கி நிற்கவில்லை. மிஷின் வழியாகச் செருப்புச் சத்தம் மழை மாதிரி கேட்டது. பன்னிரண்டாவது ஆண்டு. எதுவும் இடிக்கவில்லை. பதினோரு அட்டவணைகளையும் ஒரு பக்கம் வைத்து, இதை மறுபக்கம் வைத்தால், இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

புள்ளியியல் வகுப்பில் நூறு பேர். எஸ்தர் மேடம் பலகைக்குப் பக்கத்தில். பத்து நிமிடத்தில் ஆவுடைச்செல்வி கை தூக்கினாள். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேனாம். மேடத்துக்கே சரியாகக் கேட்கவில்லையாம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “எங்களுக்குந்தான் சார்,” என்றான். இருபத்தாறு வருடமாக இப்படித்தான் நடத்தி வருகிறேன், ஒருவரும் சொன்னதில்லை. இனி எழுதி முடித்துத் திரும்பி நின்று பேச வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

எஸ்தர் மேடத்திடம் தினமும் பத்து நிமிடம் பாடம் கேட்கிறேன். எண்கள் வந்துவிட்டன. ‘சராசரி’ வரும். ‘திட்ட விலக்கம்’ என்று நான் காட்டியது வேறு ஏதோ பொருள் தருகிறதாம். காமர்ஸ் பையன்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன பொருள் என்று மேடம் சொல்ல மறுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முதல் அகத்தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்தேன். ஆவுடைச்செல்விக்கு ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று.

எஸ்தர் மேடம் இன்று விடுப்பு. வகுப்பு முடிந்ததும் அவள் தாழ்வாரத்தில் என்னை மறித்தாள். விடைத்தாளை ஜன்னல் கட்டையில் வைத்து, ஏழாவது கேள்வியைத் தொட்டுக் காட்டி, இரண்டு விரலை நீட்டினாள். இரண்டு மதிப்பெண் குறைகிறது.

கடைசிப் படி எழுதவில்லை என்று கையால் காட்டினேன். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் புரிந்துகொண்டாள். இல்லை என்று தலையாட்டினாள். நான் ஒரு விரலைக் காட்டினேன்: ஒன்று வேண்டுமானால் தருகிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேரம் பேசுகிறவனைப் பார்க்கும் பார்வை. தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில், மேலே, கடைசிப் படி முழுதாக இருந்தது, விடையின் கீழே இரட்டைக் கோட்டோடு. நான் தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

சிவப்புப் பேனாவை எடுத்து, நாற்பத்து மூன்றை அடித்து, நாற்பத்தைந்து என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். வகுப்பில் அது இரண்டாவது மதிப்பெண்.

கூட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் போனாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அது அவளுடைய மதிப்பெண்.